பிளேட்லெட் குறைந்தால் கசிவு, ஒட்டிக்கொண்டால் மாரடைப்பு: இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால்?

#1 தாமிரபரணிக்காரன்

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு வயது 64. நாலு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் சாப்பிடுகிறார். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று இதய மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். போன மாதம் டெங்கு வந்துவிட்டது. பிளேட்லெட் 1,90,000த்திலிருந்து 48,000 வரை இறங்கியது. அப்போது அதே மருத்துவர் இரண்டில் ஒரு மாத்திரையை நிறுத்தினார். எண்ணிக்கை ஏற ஆரம்பித்ததும் மறுபடி கொடுத்தார். அப்பா இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.

ஆனால் வார்டு வாசலில் குடும்பமே இரண்டாகப் பிரிந்து நின்றது. "எப்படியாவது பிளேட்லெட் ஏற்றச் சொல்லு" என்றார் சித்தப்பா. "மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்" என்றார் அத்தான். 48,000 இருக்கும்போது ஏற்றத் தேவையில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் புரியாத இடம் இதுதான். குறைந்துபோய்விட்டதே என்று நாம் பயப்படும் அதே அணுவை வேலை செய்யவிடாமல் தடுக்கவும் தினமும் மாத்திரை கொடுக்கிறோம். அப்படியென்றால் அது நல்லதா கெட்டதா? விவரம் தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 கரிசல்மண்

அப்பா நலம் என்றதும்தான் மேலே படித்தேன் தம்பி. என் மைத்துனருக்கு 30,000க்குப் போனது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், மூன்றாம் நாள் 90,000. கொடுத்துப் பார்த்தீர்களா?

#3 செங்குருதி

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ரத்தவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் எழுதுவது பொதுவான விளக்கம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தம்பி கேட்டது சரியான கேள்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. தட்டணு (பிளேட்லெட்) எந்த நிலையில் இருக்கிறது, அமைதியாகவா தூண்டப்பட்டா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் அகலம். உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்று ஒரு ராட்சத செல் இருக்கிறது. அது தன் உடம்பையே நீட்டி, துண்டு துண்டாக ரத்தத்தில் விடும். அந்தத் துண்டுகள்தான் இவை. ஏழிலிருந்து பத்து நாள் ஆயுள். நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணுக்களை உண்டாக்குகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தக் காயத்தையும் சந்திக்காமல், ஒருமுறைகூடத் தூண்டப்படாமல், மண்ணீரலிலும் கல்லீரலிலும் முடிந்துபோகின்றன.

அவற்றை அமைதியாக வைத்திருப்பது ரத்தக் குழாயின் உள்சுவர். அது நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் விடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் தட்டணுவுக்கு "சும்மா இரு" என்கிற செய்திதான். உள்சுவரின் மேல் இருக்கிற ஒரு நொதி, தட்டணுவைத் தூண்டக்கூடிய ஏடிபியையும் அவ்வப்போது சிதைத்துவிடுகிறது.

அந்தச் சுவர் கிழிந்ததும் உள்ளே இருக்கிற கொலாஜன் ரத்தத்தின் எதிரே வந்து நிற்கும். வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதம் முதலில் அதில் போய் ஒட்டி விரியும். தமனியில் ரத்தம் போகிற வேகத்தில் தட்டணு தானாக நிற்க முடியாது. அதன் மேல் உள்ள ஜிபி1பி என்ற ஏற்பி இந்தப் புரதத்தைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, உருண்டு உருண்டு வேகத்தைக் குறைக்கிறது. பிறகு ஜிபி6 என்ற இன்னொரு ஏற்பி கொலாஜனைத் தொடும். தூண்டல் தொடங்குவது அந்தத் தொடுகையில்தான்.

செல்லுக்குள் கால்சியம் சட்டென்று உயரும். வழவழப்பான தட்டு, நெருஞ்சிக் காய் மாதிரி நாலா பக்கமும் முள் நீட்டும். உள்ளே இருக்கும் துகள்கள் வாய் திறந்து சரக்கை வெளியே கொட்டும். ஒரு வகைத் துகளில் ஏடிபியும் செரோடோனினும் இருக்கும். இன்னொரு வகையில் ஃபைப்ரினோஜன், வளர்ச்சிக் காரணிகள், இன்னும் நூற்றுக்கணக்கான புரதங்கள். அதே நேரம் தன் சவ்விலிருந்தே துராம்பாக்சேன் ஏ2 என்ற பொருளை அது தயாரித்து வெளியே விடும். ஏடிபியும் துராம்பாக்சேனும் பக்கத்தில் போகிற தட்டணுக்களைத் தூண்டும். அவையும் இதையே செய்யும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாவது இப்படித்தான்.

கடைசியாக, மேற்பரப்பில் பல பத்தாயிரக்கணக்கில் இருக்கிற ஜிபி2பி/3ஏ ஏற்பிகள் வடிவம் மாறித் திறக்கும். அமைதியாக இருக்கும்போது இவை ஃபைப்ரினோஜனைக் கண்டுகொள்ளாது. திறந்ததும் இறுகப் பிடிக்கும். ஃபைப்ரினோஜனுக்கு இரண்டு முனை. ஒரு முனையை ஒரு தட்டணுவும் மறுமுனையை இன்னொன்றும் பிடிக்க, கட்டி உருவாகிறது. சவ்வின் உட்பக்கக் கொழுப்பு வெளிப்பக்கம் புரள, அதன் மேல் உறைதல் காரணிகள் ஒன்றுகூடித் துரோம்பினை உண்டாக்கும். துரோம்பின் தட்டணுவை இன்னும் பலமாகத் தூண்டும், ஃபைப்ரின் வலையும் பின்னும்.

இதய ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்தாலும் இதேதான் நடக்கும். இது கத்திக் காயமா, படிவு வெடித்த இடமா என்று தட்டணுவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விரலில் உயிரைக் காக்கிற கட்டி, மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாயில் உயிரை எடுக்கிறது. ஸ்டென்ட் ஓர் உலோகம். அதன் மேல் உள்சுவர் வளர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த இடத்தில் "சும்மா இரு" என்று சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் இரண்டு மாத்திரை.

#4 தாமிரபரணிக்காரன்

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்னும் ஒன்று. ஆஸ்பிரின் ஒரு நாள் விட்டால் என்ன, மறுநாளே விளைவு போய்விடுமா? ஒரு பல் மருத்துவர் ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று சொன்னதாக ஞாபகம்.

#5 செங்குருதி

ஒரு நாளில் போகாது. துராம்பாக்சேனைத் தயாரிக்கும் காக்ஸ்-1 நொதியில் ஆஸ்பிரின் ஒட்டினால் ஒட்டினதுதான், பிரியாது. மற்ற செல் என்றால் உட்கரு உத்தரவு போட்டுப் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே இல்லை. ஆயுள் முடியும்வரை அந்த வழி அதற்கு அடைப்புதான். 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவு போதுமாக இருப்பதற்கும், நிறுத்திய பிறகு புதுத் தட்டணுக்கள் வந்து சேர ஒரு வாரம் பத்து நாள் ஆவதற்கும் இதுதான் காரணம். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971ல் காட்டினார். 1982ல் நோபல் பரிசு பகிர்ந்தார். 1988ல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரைச் சேர்த்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததில், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் காரணங்களால் நேர்ந்த சாவு 23 சதவீதம் குறைந்தது. சில காசு விலையுள்ள மாத்திரை செய்த வேலை இது. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

குளோபிடோக்ரெலின் வழி வேறு. பக்கத்துத் தட்டணு கொட்டிய ஏடிபியைக் கேட்கும் பி2ஒய்12 என்ற ஏற்பியை அது மூடுகிறது. ஆனால் அது மாத்திரையாக இருக்கும்போது வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றித் தர வேண்டும். இந்த நொதியின் மரபணு பலவீனமாக இருப்பவர்கள் தெற்காசியர்களில் கணிசம். அவர்களுக்கு மருந்து பாதிதான் பேசும். டிகாக்ரெலார், பிராசுக்ரெல் போன்றவை வந்ததற்கு இது ஒரு காரணம்.

பல் பிடுங்க ஐந்து நாள் முன்பு நிறுத்துவது பழைய வழக்கம். இப்போது சாதாரணப் பல் எடுப்புக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை, அந்த இடத்தில் அழுத்தி, தையல் போட்டுக் கசிவை நிறுத்திவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவர் எந்தக் காரணத்துக்கும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

#6 நல்லூராள்

நான் யாழ்ப்பாணத்தில தாதியா வேலை செய்யிறன். டெங்குப் பக்கத்தை நான் கொஞ்சம் சொல்லுறன்.

2017ஆம் ஆண்டு இலங்கையில 1,86,000க்கு மேல டெங்கு நோயாளர் பதிவானவை. வார்டில கட்டில் காணாமல் நிலத்தில பாய் விரிச்சுப் படுத்திருந்தவை. அந்த நேரத்தில நாங்கள் படிச்ச பெரிய பாடம், சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பாத்துக்கொண்டிருந்தால் ஆளை விட்டிடுவம் எண்டது. டெங்குவில ஆளைக் கொல்லுறது அநேகமா கசிவு. வெளியில வாற ரத்தத்தைச் சொல்லேல்ல. ரத்தக் குழாய்க்குள்ள இருக்கிற நீர்ப்பகுதி சுவருக்கு வெளியால நெஞ்சுக்கும் வயித்துக்கும் ஒழுகிறது. அப்ப ரத்தம் தடிக்கும், பிசிவி (ரத்தத்தில சிவப்பணுவின்ர பங்கு) ஏறும், நாடி அழுத்தம் (மேல், கீழ் ரத்த அழுத்தத்துக்கு இடையில இருக்கிற வித்தியாசம்) சுருங்கும், கை கால் குளிரும், சிறுநீர் குறையும்.

இது வாறது காய்ச்சல் விடுற நேரத்தில. வீட்டுக்காரர் "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" எண்டு துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் வாங்கி) கூட்டிக்கொண்டு போகப் பாப்பினம். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுப் பாக்க வேணும். வயித்து நோ, விடாத சத்தி (வாந்தி), சோர்ந்து கிடக்கிறது, முரசால (ஈறால) ரத்தம் வாறது, இதுகளைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொண்டு. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். உடம்பு நோகுது எண்டு டைக்ளோபெனாக், இபுபுரூஃபன் ஒண்டும் வேண்டாம். ஏன் எண்டு மேல டொக்டர் எழுதினதிலயே இருக்கு. அதுகளும் அந்த நொதியிலதான் கை வைக்கும். இருக்கிற கொஞ்சச் சிறுதட்டையும் வேலை செய்யாமல் ஆக்கும், வயித்துச் சுவரையும் புண்ணாக்கும்.

#7 செங்குருதி

அக்கா எழுதியதை எல்லா வார்டிலும் ஒட்டி வைக்கலாம்.

அதோடு ஒன்று சேர்க்கிறேன். டெங்குவில் தட்டணு ஏன் குறைகிறது? மஜ்ஜையில் உற்பத்தி சில நாள் மந்தமாவது ஒரு காரணம். வைரஸும் அது வெளிவிடும் என்எஸ்1 புரதமும் தட்டணுவை நேரடியாகத் தூண்டிவிடுவது இன்னொரு காரணம். தூண்டப்பட்ட தட்டணு மேற்பரப்பில் பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதத்தைக் காட்டும், வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொள்ளும், அவை அதை விழுங்கிவிடும். போகிற போக்கில் அது வெளிவிடும் அழற்சிப் பொருட்கள் குழாய்ச் சுவரின் கசிவைக் கூட்டுகின்றன. ஆக, டெங்கு நோயாளியின் ரத்தத்தில் தட்டணு குறைவு என்பது பாதி உண்மை. மிச்சம் இருப்பவற்றிலும் பல அமைதியாக இல்லை.

இப்போது பிளேட்லெட் ஏற்றுவது பற்றி. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில், 20,000 அல்லது அதற்கும் கீழே போன, ஆனால் ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017ல் வந்தது. முன்கூட்டியே ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றிய தட்டணுவையும் அதே நோய் தூண்டி அழித்துவிடுகிறது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய பதைப்பு நியாயமானது, ஆனால் 48,000த்தில் ரத்தக்கசிவில்லாத ஒருவருக்கு ஏற்றாமல் விட்டது சரியான முடிவு.

உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஒரே கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதமா ஒரு வருடமா, எந்த இடத்தில், எண்ணிக்கை எவ்வளவு வேகமாக இறங்குகிறது, முன்பு வயிற்றுப்புண் உண்டா என்று எல்லாவற்றையும் வைத்துத் தினமும் முடிவெடுக்க வேண்டும். ஒன்றை நிறுத்தி ஒன்றை வைத்தது, ஏறியதும் திருப்பிக் கொடுத்தது, இரண்டும் அந்த எடைபோடுதலில் வந்தவைதான்.

#8 கரிசல்மண்

அப்படியானால் பப்பாளிச் சாறு வீண் என்கிறீர்களா டாக்டர்? 2012ல் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரோடு சேர்த்துச் சொன்னதுதானே. நான் கண்ணால் பார்த்தது ஏறியதை.

#9 செங்குருதி

நீங்கள் பார்த்ததை மறுக்கவில்லை அண்ணே. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் எண்ணிக்கை சற்று வேகமாக ஏறியதாக இருக்கிறது. ஆனால் டெங்குவில் தட்டணு அடிமட்டத்துக்குப் போய் மூன்று நாலு நாளில் தானாகவே ஏறும். சாறு குடித்தவருக்கும் ஏறும், குடிக்காதவருக்கும் ஏறும். நான் கேட்பது வேறு: சாறு குடித்ததால் ரத்தக்கசிவு குறைந்ததா, அதிர்ச்சி நிலைக்குப் போவது குறைந்ததா, உயிர் பிழைத்தவர் கூடினார்களா? அதற்கு நல்ல ஆதாரம் இன்னும் இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் வாயில் கசப்புச் சாற்றைத் திணித்து, மிச்சம் இருந்த நீரையும் வாந்தியில் இழக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதைச் சாறு தள்ளிப்போடக் கூடாது.

#10 நுண்ணோக்கி

லேப் டெக்னீஷியன் நான். எண்ணிக்கையைப் பற்றி எங்கள் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. மூடி ஊதா நிறத்தில் இருக்கும் குழாயில்தான் ரத்தம் எடுப்போம். உறையாமல் இருக்க அதில் இடிடிஏ இருக்கும். சிலருடைய ரத்தத்தில், அந்த இடிடிஏ இருக்கும்போது மட்டும் தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் ஒரு கொத்தை ஒரு தட்டணுவாக எண்ணாது, அளவு பெரிதாக இருப்பதால் விட்டுவிடும், இல்லையென்றால் வெள்ளணுக் கணக்கில் சேர்க்கும். தாளில் 22,000 என்று வரும். ஆள் நன்றாக நடந்து வருவார், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது.

அப்போது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்ப்போம், இதைத்தான் ஸ்மியர் என்கிறோம். தேய்ப்பு முடியும் இறகு போன்ற ஓரத்தில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கொத்துகள் கிடக்கும். நீல மூடிச் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் 1,80,000 வரும். சிட்ரேட் திரவமாக இருப்பதால் வருகிற எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். இந்த ஒரு சோதனை செய்யாமல் எலும்பு மஜ்ஜைச் சோதனை வரை போனவர்கள் உண்டு. நன்றாக இருக்கிற ஒருவருக்குத் திடீரென்று குறைவாக வந்தால், "ஸ்மியர் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

#11 வரலாற்றுப்பித்து

தட்டணுவை 1882ல் தெளிவாக விவரித்து, அது காயத்தில் முதலில் போய் ஒட்டுகிறது என்று சொன்னவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜூலியோ பிட்ஸொஸேரோ. ஆனால் எனக்குப் பிடித்தது வில்லியம் ஹாரிங்டன் கதை. 1950ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இளம் மருத்துவராக இருந்தார். காரணம் தெரியாமல் தட்டணு குறையும் ஐடிபி நோயில், மஜ்ஜை உற்பத்தி செய்யவில்லையா, இல்லை ரத்தத்தில் ஏதோ ஒன்று அழிக்கிறதா என்று தெரியாத காலம். அந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயின, வலிப்பும் வந்தது. பிறகு தேறினார். அழிப்பது ரத்தத்தில்தான் இருக்கிறது என்பது அன்று உறுதியானது. அது எதிர்ப்பொருள் என்று பின்னால் தெரிந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

#12 கொங்குத்தென்றல்

குறைந்தால் ரத்தம் வரும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் பிளேட்லெட் பாதிக்கும் கீழே போனது, ஆனால் வந்தது காலில் ரத்தக் கட்டி. இது எப்படி?

#13 செங்குருதி

இந்த இழையின் மையமே இதில் இருக்கிறது. தூண்டப்பட்ட தட்டணு கொட்டும் புரதங்களில் ஒன்று பிஎஃப்4. சிலருக்கு ஹெபரின் அதோடு சேர்ந்து ஒரு புது வடிவம் எடுக்க, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அந்தச் சேர்மம் தட்டணுவின் மேல் உள்ள இன்னொரு ஏற்பியில் உட்கார்ந்து அதைத் தூண்டுகிறது. தூண்டப்பட்டது இன்னும் பிஎஃப்4 கொட்டும். எண்ணிக்கை குறைவது அவை கட்டிகளில் செலவாவதால். வழக்கமாக ஊசி ஆரம்பித்து 5 முதல் 10 நாளில் வரும். ஹெபரினை உடனே நிறுத்தி வேறு உறைதல் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அங்கே போய்ப் பிளேட்லெட் ஏற்றினால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

2021ல் அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்குப் பின் மிக மிக அரிதாகச் சிலருக்கு மூளைச் சிரைகளில் கட்டி வந்ததும் இதே பிஎஃப்4 எதிர்ப்பொருளால்தான். ஹெபரின் இல்லாமலே வந்தது. ஹெபரின் நோயைப் பற்றி முன்பே தெரிந்திருந்ததால்தான் சில வாரங்களில் காரணத்தைப் பிடித்தார்கள்.

#14 கொங்குத்தென்றல்

நன்றி டாக்டர். பெரியம்மா மாத்திரையில் தேறிவிட்டார். எனக்கு 52 வயது, எந்த நோயும் இல்லை. முன்னெச்சரிக்கையாகத் தினம் ஓர் ஆஸ்பிரின் போடலாமா?

#15 செங்குருதி

நீங்களாகப் போட வேண்டாம். 2018ல் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள். தினமும் ஆஸ்பிரின் எடுத்ததால் இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவு கூடியது. மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் கணக்கு வேறு. புகைபிடிப்பதும் கட்டுப்படாத சர்க்கரையும் தட்டணுவை எளிதில் தூண்டப்படும் நிலையிலேயே வைத்திருக்கும். உங்களுக்கு அந்த இரண்டில் ஏதாவது இருந்தால் அங்கே ஆரம்பியுங்கள்.

#16 தாமிரபரணிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் இப்போது பிளேட்லெட் தானம் செய்ய ஆசைப்படுகிறார். மூட்டுவலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுகிறவர். கொடுக்கலாமா?

#17 நுண்ணோக்கி

என்ன மாத்திரை என்று ரத்த வங்கியில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் என்றால் மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நோயாளிக்குப் போவது வேலை செய்யாத தட்டணு. அவருடைய எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இயந்திரத்தில் எடுப்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், சிவப்பணுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நடுவில் உதடு மரத்த மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டும், சிட்ரேட்டால் கால்சியம் இறங்குவதுதான், மாத்திரை தருவோம். எடுத்த பையைக் குளிர்பெட்டியில் வைக்க மாட்டோம். 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைப்போம். ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் திருவிழா, நீண்ட விடுமுறை நாட்களில்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு அதிகம். புற்றுநோய் வார்டுக் குழந்தைகளுக்கு அப்போதும் தேவை இருக்கும். சித்தப்பாவை அந்த மாதிரி நாளில் வரச் சொல்லுங்கள், வருவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.